காலியான சீட்டு

அவிநாசியில் பனியன் கம்பெனி வேன் வந்து நின்றதும், அரசுக் கல்லூரி கௌரவ விரிவுரையாளர் சகாயராஜ் அலுப்போடு ஜன்னலைத் தட்டினார். படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போன பதினேழு பேரில், அவர் கூப்பிட்டு இதுவரை ஒருவரும் திரும்பவில்லை.

"சித்ரகலா, இன்னும் ஒரே செமஸ்டர்தானம்மா."

"ஊட்ல ஒத்துக்க மாட்டாங்கங்க சார்."

"உங்கப்பாகிட்ட பேசிட்டேன். சரின்னுட்டாரு. இறங்கு."

அவள் தயங்கித் தயங்கி, டிபன் பாக்ஸோடு இறங்கினாள்.

"ஏனுங்க சார், ஒரு ஆள் கொறஞ்சா எனக்குத்தானுங்க பேச்சு விழும்" என்றார் டிரைவர் கன்னையன்.

"குறையாது. நான் வர்றேன்." சகாயராஜ் ஏறி அவள் சீட்டில் உட்கார்ந்தார்.

சித்ரகலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "மொத பீரியடு உங்க கிளாஸ்தானுங்களே சார்?"

"கிளாஸ்ல ஆள் குறைஞ்சு போச்சுன்னு நேத்தோட என்னை நிறுத்திட்டாங்கம்மா. நீ போ, நேரமாச்சு."