நாள் தள்ளிப்போன வீடு

ஒரு வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் ஒன்று தொங்கியது. டாக்டர் சொன்ன பிரசவத் தேதியில் வளர்மதியே சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். அந்தத் தாளைக் கிழித்தும் சில நாள் ஆகிவிட்டது, வலியைக் காணோம். வருகிறவர்கள் "இன்னும் ஆகலையா?" என்று அவளைக் கேட்டுவிட்டுக் காலண்டரை முறைத்தார்கள். இனி தன் பேச்சை யார் நம்புவார்கள் என்று அதற்கு ஒரே கவலை.

கதவோரம் ஆஸ்பத்திரிப் பைக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்க் சீண்டியது. "என்ன காலண்டரண்ணே, உங்க தேதி புஸ்வாணமாப் போச்சே! நான் பாருங்க, எப்பவோ ரெடி."

"வட்டம் போட்டது நானாடா? முதல்ல நாள் தள்ளிப்போச்சுன்னதும் இதே வீட்டுல பாயசம் வச்சாங்க. இப்பவும் நாள் தள்ளித்தானே போகுது? ஒரு சொட்டுப் பாயசத்தைக் காணோம்!"

பிளாஸ்க் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

அந்நேரம் உள்ளேயிருந்து "அம்மா!" என்று வளர்மதியின் குரல் வந்தது. ஆளாளுக்கு ஓடினார்கள். பையைத் தூக்கினார்கள், அவளைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினார்கள், வீட்டைப் பூட்டிக்கொண்டு போயேவிட்டார்கள்.

பிளாஸ்க் மட்டும் கதவோரம் அப்படியே இருந்தது.

காலண்டர் மெல்லத் தொண்டையைச் செருமியது.

"என்ன தம்பி, இன்னும் கிளம்பலையா?"