தலைவர் திறந்த கோர்

"உங்க கம்ப்யூட்டர் சிப்புக்குள்ள நாலு கோர் கீது, தலைவரே, நாலு மூளை மாதிரி. கம்பெனிக்காரன் ரெண்டைப் பூட்டி வித்திருக்கான். அத மட்டும் தொறந்துடாதீங்க," என்றாள் டோல்கேட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷைனி.

ராயபுரம் மாதா திருவிழாக் கமிட்டித் தலைவர் சிலுவைமுத்து மீசையைத் தடவினார். "இன்னாத்துக்குப் பூட்டுறான்?"

"நல்ல கோரையே பூட்டி, கம்மி வெலைக்குத் தள்ளுறதும் உண்டு. பழுதானதைப் பூட்டுறதும் உண்டு. உங்களுது பழுது. டெஸ்ட் பண்ணிட்டேன், சூடானா மெஷினே நின்னுடும்."

"புது மெஷினைத் தலையில கட்டத்தானே இந்தக் கதை? பொம்பளைக்கு இன்னா தெரியும்னுதான் போன வருஷம் திருவிழா நேரலையை உங்கையிலேந்து புடுங்குனேன்."

வீட்டுக்குப் போய் யூடியூப் பார்த்து, பூட்டின கோரைத் தானே திறந்தார்.

அதே மெஷினில் தேர்ப்பவனி நேரலை ஜோராக ஓடியது. கடைசியில் தலைவர் மேடையேறி, "கடல் கடந்து வாழும் சொந்தங்களே..." என்றார். படம் அப்படியே நின்றது. துபாய் முதல் தூத்துக்குடி வரை அவருடைய கடைவாய்ப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம், பாவம்," என்றான் ஷைனியின் கணவன் நோயல்.

"என் பேச்சை என்னிக்கு கேட்டாரு?" ஷைனி போனில் அந்தப் பல்லைப் பார்த்துச் சிரித்தாள். "அவரு தூசி தட்டத்தான் மெஷினைக் கொண்டாந்தாரு. பூட்டின கோர் கீதுன்னு சொன்னதே நான்தான்."