முகம் பார்க்கும் கார்

மாமனார் கொடுத்த பழைய கார், வெயிலில் நின்று நின்று நிறம் செத்துக் கிடந்தது.

"கடையில விட்டா ஒரே நாள்ல பாலிஷ் போட்டுக் குடுத்துடுவாங்க" என்றாள் மனைவி.

"அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பாலிஷும் துணியுமாகக் காரோடு மல்லுக்கட்டினேன். தோள்பட்டை வீங்கியது. தைலம் தேய்த்துவிட்ட மனைவி, "எப்போதான் முடியும்?" என்றாள்.

"இது கலைம்மா. அவசரப்படக் கூடாது."

ஒருவழியாகப் பளபளப்பு வந்தது. குனிந்தால் என் முகம் தெரிந்தது! கிட்டப் போய்ப் படம் பிடித்து ஆபீஸ் நண்பர்களுக்கு அனுப்பினேன்.

"ஷோரூம் வண்டியே தோத்துடும் போ!" என்று புகழ்ந்து தள்ளினார்கள். அந்தப் பெருமையில் மதியம் அசந்து தூங்கிவிட்டேன்.

எழுந்து வாசலுக்கு வந்தால், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் கையுமாக மாமனார் காருக்குப் பக்கத்தில் வியர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார். பின்னால் மனைவி.

"வாங்க மாமா! எப்போ வந்தீங்க? என்ன பண்றீங்க?"

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க மாப்பிள்ளை. பானட்டுல சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஏதோ எண்ணெய்க் கறை. பளபளன்னு அசிங்கமா இருந்துச்சு. தேய்ச்சு எடுத்துட்டேன். இப்போ பாருங்க, வண்டி முழுக்க ஒரே மாதிரி ஆயிடுச்சு!"

என்னுடைய அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அந்தத் தட்டு அளவுக்குள்தான் இருந்தன.

மனைவி முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அது கலைப்பா, அவசரப்படாதீங்கன்னு நான் சொன்னேங்க. அப்பாதான் கேக்கல."