ஆளைத் தெரிந்த கதவு

வேலை முடிந்து வந்த நிரஞ்சனாவின் முகத்தைப் புது வீட்டுக் கதவு அடையாளம் கண்டுகொண்டது. பெயரையும் சரியாகச் சொன்னது. ஆனால் திறக்கவில்லை. உள்ளே கைக்குழந்தை பாலுக்கு அழுதது.

அவளும் கணவன் சபரீஷும் ஒரே ஒப்பந்த நிறுவனத்தில் இருந்தவர்கள். அதற்கு வேலை கொடுத்துவந்த வெளிநாட்டுக் கம்பெனி கோவையில் சொந்த மையம் திறந்து, அவனை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த வீட்டையும் கொடுத்தது. மையத்தின் கதவுகளைப் போலவே இந்த வீட்டுக் கதவும் முதலில் முகத்தைப் பார்க்கும். பிறகு சம்பளம் தருவது யார் என்று பார்க்கும். அவளைப் போல இன்னும் ஒப்பந்த நிறுவனத்தில் இருக்கும் ஆள் வெளியே நின்றால் உள்ளிருந்தும் திறக்க முடியாது.

"மனைவின்னு போட்டுப் பாருங்க," என்றாள் வெளியிலிருந்து.

"போட்டேன் கண்ணு. அதுக்கும் கம்பெனி பேரு கேக்குது."

"அது கேக்காம உள்ள விடுற ஆளே இல்லீங்களா?"

அவன் போனில் கதவின் அனுமதிப் பட்டியலைக் கடைசிவரை படித்தான். வீட்டு வேலையாட்களுக்கு முகம் மட்டும் போதும். அவளைக் குழந்தையின் ஆயா என்று பதிந்தான், கதவு திறந்தது.