பாதிஸ் கட்டிய பெட்டி

"எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுத் தர்றேன்னு சொல்றான் யம்மா, கடைக்காரன். அதுக்கு மேல அவனுக்கு ஒண்ணும் தெரியல."

ஹிஸியா கம்ப்யூட்டர் பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். சுபைதா தன் முக்காட்டின் நுனியால் அதன் தூசியைத் துடைத்தார்.

"அழிக்கிறதா? அவன் பாட்டு உள்ளதான்டி இருக்கு."

சுபைதாவின் மகன் பாதிஸ் ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துத் தானே கட்டிய பெட்டி அது. ஆப்பிள் கம்ப்யூட்டர் வாங்க வழியில்லாததால், இந்தச் சாதாரணப் பெட்டியிலேயே ஆப்பிளின் மேக் மென்பொருளை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். அம்மாவுக்கென்று பாடிப் பதிவு செய்த பாட்டு அதில்தான் இருந்தது. வேறெங்கும் நகல் இல்லை. இன்று பெட்டியைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒற்றை வரி: துவக்க வட்டு இல்லை.

"சமாதின்னு ஒண்ணு இருந்தா வெள்ளிக்கிழமை போய்ப் பக்கத்துல உட்கார்ந்துக்குவேன். எனக்கு அதுவும் இல்லையே" என்றார் சுபைதா.

இப்படிப்பட்ட பெட்டிகளைக் கட்டுகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. ஹிஸியா போனில் அதைத் தேடிப் பிடித்து, விஷயத்தை எழுதினாள். 'ஆந்தை' என்ற பெயரில் ஒருவர் உடனே வந்தார்.

"போன் பண்ணட்டுமா அண்ணே?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா. என் குரலைக் கேட்டா குழந்தைங்க பயந்து அழும். எழுது. பெட்டி ரொம்ப நாள் கரண்ட் இல்லாம கிடந்துதா?"

"ஆமா."

"அப்ப உள்ள சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அது செத்திருக்கும். அது செத்தா பெட்டிக்கு எல்லா அமைப்பும் மறந்துடும். முதல்ல அதை மாத்து."

"பேட்டரியே கண்ணுல படல. உள்ள ஒரே வயர் சிக்கு."

"எந்தக் கழுதை கட்டினது இதை?"

ஹிஸியாவுக்குச் சுருக்கென்றது.

"என் அண்ணன் கட்டினது. இந்த அன்னாபா ஊர்லயே இதெல்லாம் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். இப்ப உயிரோட இல்ல. வார்த்தையை அளந்து பேசுங்க."

சுபைதா வைத்துவிட்டுப் போன காபி ஆறிப்போனது.

"என்னடி ஆச்சு?"

"கத்திட்டேன். ஆள் ஓடிட்டாரு."

"உதவிக்கு வந்தவனையும் கடிச்சு வெச்சிட்டியா? உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்."

போன் மினுங்கியது.

"மன்னிச்சுக்கோ தங்கச்சி. அண்ணன் எப்படி இறந்தாரு?"

"இத்தாலிக்குப் போன படகு கவிழ்ந்துடுச்சு. ஒருத்தரும் பிழைக்கலன்னு தகவல் வந்தது. ரெண்டு வருஷமாகுது."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"இந்தப் பெட்டி ஓடினா நல்லா இருப்பாங்க."

"அப்ப ஓட வெச்சே ஆகணும்."

அதன்பின் அவர் கேலியே பேசவில்லை. ஹிஸியா தெருமுனைக் கடையில் பேட்டரி வாங்கிவந்து, ஸ்பூன் காம்பால் நெம்பி மாற்றினாள். அவர் சொல்லச் சொல்ல, பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய்த் தேதியைத் திருத்தினாள், மேக்கைத் தடுக்கும் ஒரு பூட்டை எடுத்துவிட்டாள். திரையில் வெள்ளை ஆப்பிள் தெரிந்தது. சுபைதா "யா ரப்பி!" என்று எழுந்தார். மறுகணமே ஆப்பிள் மறைந்து, குறுக்குக் கோடு போட்ட வட்டம் வந்தது. அதைப் படமெடுத்து அனுப்பினாள்.

"கலங்காதே. மேக் எழுந்துடுச்சு. ஆனா அதோட வட்டு எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியல. திரும்ப பயாஸுக்குள்ள போ. வட்டு ஓடுற முறைன்னு ஒண்ணு இருக்கும். அதை மாத்து."

மாற்றினாள். மறுபடி ஆப்பிள். அதன் கீழே ஒரு கோடு மெல்ல ஊர்ந்து நிறைந்தது. பிறகு பாதிஸின் படமும் கடவுச்சொல் கேட்கும் கட்டமும். சுபைதா விரல்களைத் தன் உதட்டில் வைத்து, திரையில் இருந்த கன்னத்தில் ஒற்றினார்.

"கடவுச்சொல் தெரியும், அண்ணே. ஆனா கீபோர்டு அடிக்க மாட்டேங்குது! இவ்வளவு நேரம் அடிச்சுதே! முன்னால இருக்கிற நாலு போர்ட்லயும் சொருகிப் பார்த்துட்டேன்."

"முன்னால எதுவும் வேலை செய்யாது. பின்பக்கம், நெட் கேபிளுக்குக் கீழ ரெண்டு சிவப்பு போர்ட் இருக்கும். இடதுபக்கத்துல சொருகு."

சொருகினாள். கீபோர்டில் விளக்கு எரிந்தது. திரை திறந்தது. 'யம்மாவுக்கு' என்ற கோப்பை அழுத்தினாள்.

பாதிஸ் ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டுப் பாட ஆரம்பித்தான். சுபைதா பெட்டியை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு அதன்மேல் தலையைச் சாய்த்தார்.

ஹிஸியா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். "உங்களுக்கு அல்லாஹ் நிறையக் குடுக்கட்டும், அண்ணே. இந்த மாதிரி எல்லாப் பெட்டியிலயும் அந்தச் சிவப்பு போர்ட்தான் வேலை செய்யுமா?"

"இல்ல தங்கச்சி. மேக் எல்லாப் போர்ட்டையும் ஏத்துக்காது. கட்டுறவன் சிலதை மட்டும் திறந்து வெச்சிட்டு மீதியை மூடிடுவான். எதைத் திறந்தான்னு அவனைத் தவிர யாருக்கும் தெரியாது."

ஹிஸியா அதை இரண்டுமுறை படித்தாள். அனுப்பிய படங்களை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எல்லாமே திரையின் படங்கள். பெட்டியின் பின்பக்கத்தை அவள் காட்டவே இல்லை.

ஒரே ஒரு சொல்லை எழுதி அனுப்பினாள்: "பாதிஸ்?"

பின்னால் அம்மா இறந்த மகனின் குரலைக் கேட்டு விம்மிக்கொண்டிருந்தார். ஹிஸியாவின் கையிலிருந்த போனில் அவன் எழுதுவதும், நிறுத்துவதும், மறுபடி எழுதுவதுமாக இருந்தான்.