கிணறு மட்டும் பொது

கையில் கோணியோடு கணவர் வேலியைத் தாண்டி, குனிந்து குனிந்து அவளுடைய அண்ணனின் வயலுக்குள் போவதைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். உச்சி வெயில். அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கண் அயரும் நேரமாகப் பார்த்துக் கிளம்பியிருக்கிறார் மனுஷன்.

கோணி என்னவோ காலியாகத்தான் தொங்கியது. அதை யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. விஷத்துக்கு மூட்டை எதற்கு, சட்டைப் பை போதாதா!

அவள் அப்பா நிலத்தை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். கிணறு மட்டும் பொது. அண்ணன் தன் பாதியில் சாணியும் தழையும் தவிர வேறெதையும் போட மாட்டார். அவள் பாதியில் கணவர், புழு தொடாதபடி மரபணு மாற்றிய பருத்தியைத் தவிர வேறு விதையைத் தொட மாட்டார். ஊரில் ஒருவருக்குப் பெயர் 'சாணி', இன்னொருவருக்கு 'லேப்'.

மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சு கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு. மோட்டார் போட வேண்டுமென்றால்கூட அவள்தான் தூது. நேற்று விவசாயிகள் கூட்டத்தில் அது முற்றிப்போனது.

"உன் விதைக்கு நெருப்பு வெச்சாத்தான்யா இந்த மண்ணு உருப்படும்!" என்று கத்தினார் அண்ணன்.

"உங்க புழுப் பண்ணைய ஒழிச்சாத்தான் என் பருத்தி பொழைக்கும்!" என்றார் கணவர்.

கிணற்றுக்கு நடுவே சுவர் எழுப்பிவிடுவது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். மூன்று வருடத்தில் அவர்களுக்குள் ஏற்பட்ட ஒரே ஒற்றுமை அதுதான்.

அண்ணியைக் கூப்பிட ஓடியவள், தன் வீட்டு விதைக் கொட்டகையைக் கடக்கும்போது உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டு நின்றாள். எட்டிப் பார்த்தால், மூட்டைகளுக்கு நடுவே அண்ணன்!

"அண்ணீ! ஓடி வாங்க! அண்ணன் விதைய எரிக்கப் போறாரு, இவரு வயல்ல விஷம் வெக்கப் போறாரு!"

பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு ஓடிவந்தாள் அண்ணி. சற்று நேரத்தில் பிடிபட்ட ஆண்கள் இருவரும் கிணற்றடியில் தலை குனிந்து நின்றார்கள். அண்ணனின் மடியில் தீப்பெட்டி இல்லை, ஒரு பிடி விதைதான் இருந்தது. கணவரின் கோணியில் மண்.

"மாப்ள, இது என் மண்ணாச்சே?"

கணவர் கோணியைக் கீழே வைத்தார். "நேத்து நீங்க சொன்னது மனசைக் குடைஞ்சிட்டே இருக்கு மச்சான். என் நிலத்துல மண்வெட்டி போட்டா பாறையில போட்ட மாதிரி தெறிக்குது. உங்க மண்ணு பஞ்சா இருக்கு. கொஞ்சம் அள்ளிட்டுப் போய்க் கலந்து பாக்கலாம்னு..."

அண்ணன் மடியை அவிழ்த்து விதையைக் காட்டினார். "எனக்கும் அதே குடைச்சல்தான் மாப்ள. புழு பொறுக்கிப் பொறுக்கி முதுகு வளைஞ்சதுதான் மிச்சம். உன் விதைய ஒரு வரிசை போட்டுப் பாத்தா என்னன்னு..."

"நீங்க சொன்னதுதான் சரி மச்சான்!"

"இல்ல மாப்ள, நீ சொன்னதுதான் சரி!"

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சுவரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றார் அண்ணன். வீட்டு வாசலில் கிடந்த ஒரே கட்டிலில் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்ததைப் பார்த்து அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணியை இழுத்துக்கொண்டு டீ போட உள்ளே ஓடினாள்.

பால் பொங்குவதற்குள் வெளியே கட்டில் கவிழும் சத்தம் கேட்டது.

"அந்த லேப் விதைய என் நிலத்துக்குப் பக்கத்துலயா போடுவீங்க? மகரந்தம் பறந்து வந்தா என் இயற்கை விவசாயம் என்ன ஆகுறது?" கணவரின் குரல்.

"யோவ், உன் சாணிக் குழிப் புழு என் பருத்திக்கு வந்தா யாருய்யா பதில் சொல்றது? விஞ்ஞானம்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" அண்ணனின் குரல்.

அண்ணி கையிலிருந்த டம்ளரோடு அப்படியே நின்றாள். "இப்பத்தானே நல்லா இருந்தாங்க! மறுபடியும் என்னடி ஆச்சு?"

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி, ரெண்டு பேரும் திருந்திட்டாங்க!"