மூன்று புள்ளிச் சராப்பு

காந்திமதிநாதன் பூதக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். சந்தேகமே இல்லை. அதே மூன்று புள்ளிகள்தான்.

ஆனால் காசு சாதாரண ஒரு ரூபாய். எவர்சில்வர். 1992 என்று போட்டிருந்தது.

சற்று முன்னால் வாசலில் நின்று அதைக் கொடுத்துவிட்டுப் போனவன் பலவேசம். குறுக்குத்துறைப் பக்கம் ஆற்று மணலைச் சலித்து, ஜனங்கள் ஆற்றில் போடும் காசுகளைப் பொறுக்கி எடுப்பவன். பழைய வெள்ளி அகப்பட்டால் நேரே இவர் வீட்டுக்கு வந்துவிடுவான்.

"சார்வாள், இது வெள்ளி இல்ல. ஆனா நீங்க தேடுத அதே குத்துல்லா கெடக்கு. சும்மா வச்சுக்கிடுங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அவனுக்குச் சிரிப்பு. இவருக்குத் தலை சுற்றியது.

வெள்ளைக்காரன் காலத்தில் சராப்புகள் என்று காசு மாற்றும் ஆட்கள் இருந்தார்கள். கையில் வரும் ரூபாயை உரசிப் பார்த்து, வெள்ளி சுத்தம்தான் என்று தெரிந்தால், தங்கள் அடையாளத்தை அதன்மேல் சின்னதாகக் குத்திவிடுவார்கள். அப்படிக் குத்துப்பட்ட ரூபாய்களைச் சேர்ப்பதில் காந்திமதிநாதனுக்குப் பைத்தியம்.

அதிலும் இந்த மூன்று புள்ளி, அடுப்புக்கல் வைத்தாற்போல, எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. விக்டோரியா ராணியின் கன்னத்தில் இருந்தது. எட்வர்டின் மொட்டை மண்டையில் இருந்தது. ஐந்தாம் ஜார்ஜின் தாடியில் இருந்தது. ஆக மொத்தம் ஏழு ரூபாய்கள், எல்லாம் பலவேசம் கொண்டுவந்தவை.

பெயர் தெரியாத அந்தச் சராப்புக்கு அவர் மனத்துக்குள்ளேயே கீழ ரத வீதியில் ஒரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். கடுக்கன் மாட்டி, தலைப்பாகை கட்டி, கல்லாவில் உட்கார வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் நாணயக் கண்காட்சி. 'நெல்லையின் மூன்று புள்ளிச் சராப்பு' என்று அவர் பேசப்போவதாக நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. அடுத்தவன் எழுதிய சரித்திரத்தையே பள்ளிக்கூடத்தில் ஒப்பித்துக்கொண்டிருந்த வாத்தியாருக்கு, சொந்தமாகச் சொல்ல ஒரு சரித்திரம் கிடைத்திருந்தது.

அது மட்டுமில்லை. மகள் நித்யா போன இந்த எட்டு வருஷத்தில் அவர் மனம் எதிலாவது ஒட்டியது என்றால் இந்தக் காசுகளில்தான். இதுவும் பொய் என்றால் என்ன மிச்சம் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

பெட்டியைத் திறந்து ஏழு ரூபாய்களையும் மேஜையில் தினத்தாளை விரித்து வரிசையாக வைத்தார். கடைசியில் அந்தப் புது ரூபாய்.

புள்ளிகளின் வடிவத்தில்தான் எப்போதும் விஷயம். ஒன்றுகூட முழு வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் மழுங்கியிருக்கும். சராப்பின் உளிமுனை தேய்ந்திருந்தது என்று அவர் எழுதி வைத்திருந்தார். புது ரூபாயிலும் அதே பக்கம் மழுங்கியிருந்தது.

அதே உளி. அதே கை. எப்போதோ செத்துப்போன சராப்பு எழுந்து வந்து எவர்சில்வரில் குத்தினானா?

பலவேசம் வேலையா இது? வெள்ளியின் எடைக்கு மேல் ஒரு பைசா கேட்காதவன் எதற்காகக் குத்த வேண்டும்? கண்காட்சிக்காரர்களில் எவனாவது விளையாடுகிறானா? புள்ளிகள் மழுங்கியிருப்பதை அவர் யாருக்கும் சொன்னதே இல்லையே.

பேசாமல் இந்த ஒரு ரூபாயை டீக்கடையில் தள்ளிவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். மனசு கேட்கவில்லை. மறுபடி எடுத்து வரிசையில் வைத்தார்.

வடிவு காபியோடு வந்தாள்.

காசுகளை அவர் மனைவிக்குக் காட்டியதில்லை. ஆற்றிலிருந்து வந்தவை என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த வீட்டில் ஆறு என்ற பேச்சே கிடையாது. அவர் அந்தப் பக்கம் போயே வருஷங்கள் ஆகின்றன.

டம்ளரை வைக்க இடம் தேடியவளின் கண் மேஜையில் நின்றது. விக்டோரியா ரூபாயை எடுத்தாள். புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது எங்க அம்மை கல்யாணத்துக்குத் தந்த துட்டுல்லா?" என்றாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளையும் காசையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆணிய வச்சுக் குத்திப் போட்டா, செல்லாத துட்டுன்னு ஒருத்தரும் எடுக்க மாட்டாங்கன்னுல்லா நினைச்சேன்."

அப்போதும் அவருக்குச் சராப்புதான் கண்ணில் நின்றான். பிறகு மெல்ல மெல்ல அந்தக் கடுக்கனும் தலைப்பாகையும் கலைந்து போயின. பூஜை அலமாரியில், விளக்குத் திரிகளுக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒரு சுத்தியலும் முனை மழுங்கிய ஆணியும் ஞாபகத்துக்கு வந்தன. அங்கே எதற்கு அது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வருஷத்தில் ஒருநாள் வடிவு விடியலிலேயே குளித்துவிட்டுத் தனியாக எங்கே போய் வருகிறாள் என்றும் கேட்டதில்லை.

ஆறு வயதில் படித்துறையில் கால் வழுக்கிப் போன நித்யாவுக்கு, அவள் போன நாளில், அதே படியில் நின்று வருஷத்துக்கு ஒரு ரூபாய். அம்மா தந்த வெள்ளி தீர்ந்துபோகவே, இந்த வருஷம் கையிலிருந்த ரூபாய்.

அவருக்கு வெட்கமாக இருந்தது.

வடிவு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, காசுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். எட்டாவது காசுக்கு வந்ததும் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அப்போ, ஒண்ணுகூட அவளுக்குப் போய்ச் சேரலையா?"